தோபியாஸ் வெண்ட்லர் சொன்ன பொய்

சாக்சனியில் லிண்டன்ரோடா ஆலயத்துக்கு முப்பது வருஷம் இசை எழுதியவர் தோபியாஸ் வெண்ட்லர். ஞாயிறுதோறும் ஒரு புதுப் பாட்டு. பெரிய வெள்ளிக்கு இயேசு பட்ட பாடுகள் முழுவதும் பாட்டாக. பக்கத்து ஊரில்கூட அவர் பெயர் தெரியாது. எழுதியதை முதலில் பாடிப் பார்ப்பது அவர் மனைவி டோரத்தேயாதான்.

"இங்க மூச்சு விட எங்கங்க எடம்? பாடறவன் செத்துத்தான் போவான்" என்பாள். அவர் திருத்துவார்.

ஒரு பெரிய வெள்ளியன்று, பேதுரு தன் ஆண்டவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அழும் பாட்டைப் பாட வேண்டியவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆலயத்தில் பெண்கள் தனியாகப் பாடக் கூடாது. ஆனாலும் டோரத்தேயா, மாடியில் தோபியாஸ் வாசிக்கும் ஆர்கனின் குழாய்களுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"யாரு பாக்கப் போறா? நீங்க வாசிங்க."

அவள் பாடியபோது சபையில் இருமல்கூட நின்றுபோனது. ஆணி அடித்தாற்போல் உட்காரும் கொல்லர் ஹாஸே, கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரும் சபை மூப்பர்கள் இரண்டு பேரும் மாடி ஏறி வந்தார்கள்.

"பாடினது பொம்பள. யாரு அது?"

வேலை போனால், ஆலயம் கொடுத்த வீடும் போகும். தோபியாஸ் இசைத் தாள்களை அடுக்கினார்.

"ஊர் ஊராப் போற பாட்டுக்காரிங்க ஐயா. எனக்கு அவள யாருன்னே தெரியாது."

குழாய்களுக்குப் பின்னால் டோரத்தேயா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. பயறு சூப்பை ஊற்றி வைத்தாள். "பேதுருவாச்சும் அழுதான்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அவள் பாடவே இல்லை. தாளை நீட்டினால், "கண்ணு சரியாத் தெரியலங்க" என்று நகர்ந்துவிடுவாள். மன்னிப்புக் கேட்கப் பல தடவை வாயெடுத்தார். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது வருஷம் போயிற்று. பாடுகிறவர்கள் மூச்சுக்குத் திணறினார்கள். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி கண்டு அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் தோபியாஸ் பாஸ்டர் வீட்டுக்குப் போனார். பழையவர் மாறிப்போய், புதிதாக ஒரு இளைஞர் வந்திருந்தார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, பெரிய வெள்ளியன்னிக்கு மறைஞ்சு நின்னு பாடினது என் பொண்டாட்டி. தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன். என்ன தண்டனைன்னாலும் குடுங்க."

இளைஞர் நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"விடுங்க ஐயா. இப்ப அது யாருக்கு ஞாபகம் இருக்கும்? காலையிலேருந்து சாப்பிட்டிருக்க மாட்டீங்க, உக்காருங்க."

வேலையையும் வீட்டையும் விட்டுவிடும் துணிவோடு வந்திருந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வீட்டில் வைத்த சூப்பை மரியாதைக்காக மிச்சமில்லாமல் குடித்தார்.