டூல்ஸ் பெட்டி மூடி

இருந்தவர்கள்:

நான்.

பெயின்டர்.

கர்னல். ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. இரண்டு முறை ஆள் எடுப்புக்குப் போய், மார்பளவு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவன். அதற்காக வளர்த்த மீசை மட்டும் மிஞ்சியது. வயரிங் வேலை செய்கிறான்.

அண்ணி. பதினொரு மணிக்கு வந்தார்.

ஜீப்.

குளிர்பதனக் கிடங்கில் நான் நைட் ஷிப்ட் பார்த்தபோது, எது உடைந்தாலும், யார் விழுந்தாலும் ரிஜிஸ்டரில் முதலில் இருந்தவர்கள் பட்டியலை எழுத வேண்டும். என்ன நடந்தது என்பது அப்புறம்தான். மெஷினைப் பட்டியலில் சேர்க்காதே என்று சூப்பர்வைசர் திட்டுவார். இங்கே சேர்த்திருக்கிறேன். அன்றைக்கு உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.

அந்த ஜீப்பை என் அண்ணன் நான்கு வருடம் ஓட்டினான். ராணுவத்தில் டிரைவர். மலைப்பாதையில் மண் சரிந்து செத்தபோது அவன் இதில் இல்லை. அன்று இது கிளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. லாரியை எடுத்துக்கொண்டு போனான். அவன் போய்விட்டான், வண்டி பிழைத்தது. பிறகு ராணுவம் அதை ஏலத்தில் கழித்துவிட, ஒரு கல்குவாரிக்காரர் வாங்கி மஞ்சள் அடித்துக் கல் சுமக்க வைத்தார். அண்ணன் அதன் பானட்டில் சாய்ந்து நிற்கும் போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் நம்பர் தெளிவாகத் தெரியும். அந்த நம்பரை வைத்து இரண்டு வருடம் விசாரித்து, கர்னல்தான் குவாரியில் கண்டுபிடித்தான்.

அண்ணியிடம் சொல்லவில்லை. ஏதோ பழைய மிலிட்டரி ஜீப், பொழுதுபோக்கு என்று சொன்னேன். முடித்துக் கொண்டுபோய் வாசலில் நிறுத்திவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் இந்தத் தகர ஷெட்டில் மூன்று பேரும் கிடந்தோம். அண்ணி ஒரு முறைகூட எட்டிப் பார்த்ததில்லை. "உன் துருப்பிடிச்ச சம்சாரம் எப்படி இருக்கா?" என்று சாப்பாடு போடும்போது கேட்பார். அவ்வளவுதான்.

அன்றைக்கு முந்தின நாள் பின்பக்க நம்பரை எழுதி முடித்திருந்தோம். பழைய அச்சுப்படி, வெள்ளை எழுத்து. காலையில் டிபன் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை. நம்பர் எழுதியாச்சு அண்ணி என்றேன். என்ன நம்பர் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அதெல்லாம் நினைவிருக்காது என்று நினைத்தது என் மடத்தனம். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஷெட்டில் பெயின்டர் முன் கிரில்லுக்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தான். கர்னல் ஹாரனுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஹாரன் எதுக்குக் கர்னலு? மீசையக் காட்டினாலே ஆளுங்க ஒதுங்கிருவாங்களே."

"நீ வாய மூடிட்டு பெயின்ட அடி. சொட்டுது பாரு. ராணுவ வண்டி மூக்கு ஒழுகுனா நல்லாவா இருக்கும்?"

"ராணுவத்தப் பத்தி நீ பேசாத. அவங்க உன்ன அளந்து பாத்துட்டே வேண்டாம்னுட்டாங்க."

அப்போது கதவில் நிழல் விழுந்தது. அண்ணி. வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். தெரு முனைக்குக்கூட அந்தச் செருப்போடு போகாத ஆள்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நம்பரைத் தொடவில்லை. பார்த்தார். பிறகு டிரைவர் சீட் பக்கம் வந்து நின்றார்.

"இதுதானா?"

"இதுதான் அண்ணி. முடிச்சிட்டுச் சொல்லலாம்னு..."

"சீட்டுக்கு அடியில டூல்ஸ் பெட்டி இருக்குமாமே. அதத் திற தம்பி."

திறந்தேன். அண்ணி குனிந்து மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடி மாதிரி ராணுவப் பச்சை. முகம் தெரிந்தது.

"இங்க எழுதியிருந்தது எங்க?"

பெயின்டர் தரையைப் பார்த்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. வெளியே யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள், யார் கண்ணும் படாத இடத்தில் அடிப்பவன்தான் வேலைக்காரன் என்ற திமிர். அந்த மூடியைக் கழற்றியபோது பெயின்டர் கேட்டான்: "உள்ள யாருண்ணே பாக்கப் போறா? கீறலா வேற கெடக்கு. அப்படியே விட்டுரலாம்." விடாதே, சுரண்டு, பட்டி வைத்துக் கீறலை அடை, அடி என்று சொன்னது நான். குவாரி மஞ்சளுக்கு அடியில் ஏதோ கீறல்கள். ஸ்பேனர் உரசியது என்று நினைத்தேன். இரண்டாவது முறை பார்க்கவில்லை.

"என்ன எழுதியிருந்துச்சு அண்ணி?"

அண்ணி கர்னல் நகர்த்திக் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துப் பேசினார்.

"ஜூன் கடைசியோட வந்துர்றேன்னாரு. வேலைய விட்டு வர பேப்பர் போட்டாச்சு, அதோட சரின்னாரு. ஜூன் வந்துச்சு, அவரு வரல. கேட்டா, பேப்பர் மேல நிக்குதுன்னாரு. மாசம் மாசம் அதே பாட்டு. கடைசியா அக்டோபர்ல பேசினப்ப நான் நல்லாக் கத்திட்டேன். வீட்டுக்கு வர இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லுங்கன்னேன். அதுக்கு, இல்லடி, தேதிய டூல்ஸ் பெட்டி மூடியில ஆணியால கீறி வச்சிருக்கேன், தினம் பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்கறேன், வண்டிதான் சாட்சின்னாரு. அப்ப அந்த வண்டியவே கட்டிக்கிட்டு அங்கயே கெடங்கன்னு ஃபோன வச்சேன்."

முந்தானை நுனியை மடித்து விரித்தார்.

"மூணாம் நாள் சேதி வந்துச்சு. காரியத்துக்கு வந்தவங்கள்ல ஒருத்தரு, கூட இருந்தவரு, சொன்னாரு. பேப்பரா? அவரு பேப்பரே போடலையேம்மான்னு."

ஆறு வருடம் இதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறார்.

"பொய்தான் சொன்னாரான்னு தெரியணும் தம்பி. வர எண்ணம் இருந்துச்சா இல்லையா. அது தெரிஞ்சாப் போதும். உனக்கு ஏதாவது சொன்னாரா?"

சொன்னான். எனக்குத்தான் சொன்னான்.

அந்த வருடம் மே மாதம், ஒரு விடிகாலை, ஷிப்ட் முடியும் முன்பே கிடங்கிலிருந்து வெளியே வந்து நடந்தேன். திரும்பிப் போகவில்லை. காரணம் கேட்டால் இன்றும் என்னிடம் பதில் இல்லை. அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. "சரி விடு," என்றான். "அவகிட்ட இப்ப சொல்லாத. நானும் நின்னுட்டா வீடு எப்படி ஓடும்? வருசக் கடைசி வரைக்கும் நான் இழுத்துர்றேன். அதுக்குள்ள வேற ஒண்ணு பாத்துக்க."

வேறு ஒன்று பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் அண்ணி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரி போனேன். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அக்டோபர் வரை அப்படி. அண்ணன் செத்த பிறகு நான் வீட்டிலேயே கிடந்தேன். அண்ணன் போன துக்கத்தில் வேலையை விட்டுவிட்டான் என்று ஊரே பேசியது. அண்ணியும் அதைத்தான் நம்பினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கதை எனக்கு வசதியாக இருந்தது, அதிலேயே இருந்துகொண்டேன்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல அண்ணி," என்றேன்.

பெயின்டர் மூடிப் பக்கம் வந்தான். விரலால் தட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இது மெல்லிசுத் தகடு. வளைஞ்சிரும்னு கிரைண்டர் வைக்கல. கையாலதான் தேச்சேன். ஆழமாக் கீறியிருந்தா உள்ளதான் இருக்கும். பட்டி போய் அடைச்சிருக்கும், அவ்வளவுதான். மெதுவாத் தேச்சு எறக்குனா எழுத்துல இருக்கற பட்டி மட்டும் நிக்கும். கோடு கோடாத் தெரியும்."

"தெரியுமா?" என்றார் அண்ணி.

"இருந்தாத் தெரியும்மா."

மூடியைக் கழற்றி மேசையில் வைத்தான். நான் உப்புத்தாளை எடுத்தேன். பெயின்டர் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. கட்டையில் சுற்றி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

பச்சை பால் மாதிரி வழிந்தது. அதற்கடியில் பிரைமர், சாம்பல். துடைத்தேன், தண்ணீர் ஊற்றினேன், தேய்த்தேன். அண்ணி ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. இருந்த இடத்திலேயே, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கர்னல் அவருக்கு டீ வாங்கி வந்து வைத்தான். அது ஆறி ஆடை கட்டியது.

அரை மணி நேரத்தில் தகடு தெரிந்தது. அதில் வெளிர் மஞ்சளாக ஒரு கோடு. இன்னொன்று. முதல் வரி எண். 30.6. அதன் மேல் குறுக்கே இரண்டு முறை அடித்த கோடு. கொஞ்சம் கீழே தேய்த்தேன். கடைசி வரியும் எண்தான். 31.12. அதன் மேல் கோடு இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. எழுத்து. இன்னும் பட்டி மூடிக் கிடந்தது. நான்கைந்து இழுப்பு இழுத்தேன். ஒரு 'த' தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

உலகத்தில் இரண்டே பேர்தான் என்னை அப்படிக் கூப்பிட்டார்கள். ஒருவன் போய்விட்டான். இன்னொருவர் எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வரி மற்ற இரண்டைப் போல ஆழமில்லை. ஆணி வழுக்கியிருக்க வேண்டும், அல்லது கை அவசரப்பட்டிருக்க வேண்டும். முரட்டுத் தாளில் இன்னும் பத்து இழுப்பு இழுத்தால் வெறும் தகடு. இரண்டு தேதி மிஞ்சும். அண்ணி கேட்ட கேள்விக்கு இரண்டு தேதி போதும். வர எண்ணம் இருந்தது, தேதி தள்ளிப்போனது, அவ்வளவுதான். அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாக அழுவார். நானும் பழையபடி இருப்பேன்.

முரட்டுத் தாள் மேசையில் கிடந்தது. எடுத்தேன். பெயின்டர் என் கையைப் பார்த்தான், பிறகு மூடியைப் பார்த்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

"போதும்ணே," என்றான், ரொம்ப மெதுவாக. "அதுக்கு மேல தாங்காது."

பதினான்கு மாதம் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் தேய்த்திருக்கிறேன். தாளைக் கீழே வைத்தேன். வழவழப்பான தாளை எடுத்து மூன்றே மூன்று இழுப்பு. துணியால் துடைத்தேன். மூடியை அண்ணியின் மடியில் கொண்டுபோய் வைத்தேன்.

முதலில் மேல் தேதியைத் தடவினார். பிறகு கீழ்த் தேதியை. உதடு அசைந்தது. "வர இருந்தாரு," என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு விரல் நடுவில் வந்து நின்றது.

"தம்பி," என்று படித்தார்.

என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். இல்லை.

"ஜூனுக்கு முன்னால என்ன ஆச்சு?"

சொன்னேன். மே மாதம், ஃபோன், காற்றுச் சத்தம், டிபன் பாக்ஸ், பஸ் நிலையம். அவன் பேப்பர் போடாதது எனக்காக என்பதையும் சொன்னேன். அவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் கர்னல் எழுந்து வெளியே போனான். பெயின்டரும் பிரஷ்ஷைக் கழுவாமலே போய்விட்டான். அவன் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

அண்ணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அண்ணனிடம் கத்தியதைச் சொன்னாரே, அப்படி. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த அஞ்சு மாசமும் நான் கட்டிக் குடுத்தத சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"மிச்சம் வைக்காம?"

"வைக்காம."

தலையை ஆட்டினார். எழுந்தார். மூடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டை நான் என் அளவுக்குத் தள்ளி வைத்திருந்தேன். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே உயரம். முன்னே இழுத்துத் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்தார். முந்தின வாரம் நான் பாலிஷ் போட்ட இடம்.

"சாவி எங்க?"

"வண்டிச் சாவியா அண்ணி?"

"கதவுச் சாவி."

"ஆணியில தொங்குது. உள்ள தாழ்ப்பாளும் இருக்கு."

"வெளிய போ."

அந்த வார்த்தைக்குப் பின்னால் வழக்கமாக வருகிற 'தம்பி' வரவில்லை. கொஞ்சம் நின்று பார்த்தேன். வரவில்லை.

வெளியே வந்தேன். வெயில். கர்னல் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான், மீசையைத் தொடாமல். பெயின்டரைக் காணோம். எனக்குப் பின்னால் அண்ணி வண்டியிலிருந்து இறங்குவதும் செருப்பு சிமெண்டில் உரசி வருவதும் கேட்டது. தகரக் கதவு சாத்திக்கொண்டது. வண்டியின் ஒவ்வொரு நட்டுக்கும் எண்ணெய் விட்ட நான் அந்தத் தாழ்ப்பாளைக் கவனித்ததே இல்லை. துருப்பிடித்தது. முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் விழுந்தது. அப்புறம் உள்பக்கமிருந்து பூட்டுக்குள் சாவி திரும்பியது.