முதல் ரேங்க்காரனின் கோடிட்ட இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஞானத்தில் பிறக்கவில்லை, ரோஷத்தில் பிறந்தது. போன வாரம் பத்திரிகை ஆசிரியர் என் கதையைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், இதுல ஒரு தப்பும் இல்ல. பரீட்சைப் பேப்பர் திருத்துன மாதிரியே இருந்துச்சு. கடைசியில கருத்தை எழுதி அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க. இன்னொரு கதை தாங்க. ஆனா முடிவை வாசகர்கிட்ட விட்டுடணும். அதுவும் இப்படியே வந்துச்சுன்னா, தயவு பண்ணி இனிமே அனுப்பாதீங்க."

அடிக்கோடு போட்டது உண்மைதான். ஸ்கேல் வைத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பிலிருந்து கடைசி வகுப்பு வரை முதல் ரேங்க் நான். "இவன் பெரிய மேதையா வருவான்" என்று எங்கள் தெருவே சொன்னது. தெரு இன்னும் காத்திருக்கிறது, பாவம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: முன்னுரை. மேதைமை என்பது யாதெனில்

(அடச்சே!)

இரண்டாம் முயற்சி: அந்த மாலையில் மழை பெய்தது. அதற்கான காரணங்கள் மூன்று. முதலாவதாக,

(கைப்பழக்கம். விடுங்கள்.)

3

சரி, வேறொருவனை நாயகனாக்குவோம். என்னோடு படித்த கடைசி பெஞ்ச் நண்பன். எல்லாப் பாடத்திலும் முட்டை. கதையில் அவன் ஊரே வாயைப் பிளக்கும் ஓவியன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. [கடைசி பெஞ்சில்தான் மேதைகள் இருக்கிறார்கள் என்று எழுதினால் கைதட்டல் நிச்சயம். கைதட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்த பெஞ்ச்தானே.]

மனைவி படித்துவிட்டு நிமிர்ந்தாள். "யாரு, நம்ம வீட்டு ஜன்னலுக்குத் திரை தைச்சுக் குடுத்தாரே, அவரா? ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை?"

சந்தேகம் வந்து அவனுக்கே போன் போட்டேன்.

"டேய், கதையில உன்னை மேதையாக்கியிருக்கேன். பெயிலானவனுக்குள்ள ஒரு நெருப்பு..."

"நெருப்பும் இல்ல, புகையும் இல்ல. நான் படிக்கலடா, அதான் பெயில்." சிரித்தான். பிறகு பெருமை தாங்காமல் சொன்னான்: "என் பொண்ணு இப்ப கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு, தெரியுமா? அப்படியே உன்னை மாதிரி வருவா, பாரு."



"கதை மட்டும் எழுத விட்டுடாதடா" என்றேன்.

4

ஆக, மார்க் வாங்கியவனும் மேதையாகவில்லை, வாங்காதவனும் ஆகவில்லை. எனவே இக்கதையால் நாம் அறிவது

(இல்லை. மாட்டேன். கையைக் கட்டிக்கொண்டேன்.)

இந்தக் கதை அச்சில் வரவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதனால் ஆசிரியர் கேட்டபடியே முடிவு உங்கள் கையில்:

இக்கதையைப் பத்திரிகை ஆசிரியர்
(அ) வெளியிடுவார்
(ஆ) திருப்பி அனுப்புவார்
விடை: ________

நான் வாயே திறக்கமாட்டேன். ஒரு கேள்விக்கு விடை எழுதாமல் எழுந்துபோவது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. பேனாவை மூடிவிட்டேன். நாற்காலியைக்கூட உள்ளே தள்ளிவிட்டேன்.

[மன்னிக்கவும். விடை: (ஆ). அடிக்கோடும் போட்டாயிற்று.]