தேனம்மையின் உழக்கு

உழக்கில் அரிசியை அளந்துகொண்டு திரும்பினால், அடுப்படியில் ரப்பர் குழாய் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டரைக் காணோம். மகன் கார்த்திகேய சிவம்தான் தூக்கிப் போயிருப்பான் என்று அழகுசுந்தரத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. நேற்றுத்தானே மதுரை டாக்டரிடம் போய்வந்தார்கள்.

அந்த டாக்டர் பத்து நிமிடம் பேசினார், பத்து நிமிடமும் மகனிடம். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, தனியாகப் பேசுகிறாரா. எதிரே ஒரு மனுஷன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவனையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை.

“தெனம் ரெண்டு பேருக்குப் பொங்குறாக டாக்டர். ஆத்தா போனதே மறந்துபோச்சு போல” என்றான் மகன். டாக்டர் எழுதிக்கொண்டார். மூன்று வகை மாத்திரை. அடுப்புப் பக்கம் விடவே கூடாது.

மறந்துபோயிற்றாம். பெண்டாட்டி தேனம்மை போய் எட்டு மாதம் பன்னிரண்டு நாள். தூக்கம் இல்லை என்பது நிஜம். பல நாள் விடிந்தால் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்பதும் நிஜம். அப்படியும் எழுந்தது இந்த அடுப்பைப் பற்றவைக்கத்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கல்யாணமான ஆறாம் மாதம் அவருடைய ஆத்தா இந்த அடுப்படியைக் கொடுத்து அவரையும் தேனம்மையையும் தனிச் சமையலாக வேறு வைத்தாள். இந்த வீட்டில் ஒவ்வொரு சோடிக்கும் தனி அடுப்பு. மகனுக்கும் எதிர்ப்பக்கம் அப்படித்தான் வைத்துக் கொடுத்தார்கள். பெண்டாட்டி செத்தால் அடுப்பைப் பிடுங்கலாம் என்று எவன் சொன்னான்?

மகன் தூக்குச்சட்டியோடு வந்தான். “இனிமே எங்க அடுப்புலயே சாப்பிடுங்க அப்பச்சி.”

“நான் எதடா மறந்தேன்?”

மகன் சட்டியைக் கீழே வைத்தான்.

“இது உங்க ஆத்தா உழக்கு. நாப்பத்தேழு வருசமா ரெண்டு பேருக்குக் கொறையாம அளந்தது. ஒரு ஆளுக்கு எம்புட்டுன்னு எனக்குத் தெரியாது. அவ சொல்லிட்டுப் போகல. டாக்டர்கிட்டச் சொல்லத் தெரிஞ்சதுல்ல, நீ அளந்து குடு. அம்புட்டே பொங்குறேன்.”

உழக்கை அவன் கையில் திணித்தார். மகன் அரிசி டின்னைத் திறந்து, உழக்கிலிருந்ததில் பாதியை அதில் கொட்டினான். உழக்குக்குள் எட்டிப் பார்த்தான். குறைச்சலாகப் பட்டதோ என்னவோ, ஒரு பிடி அள்ளித் திரும்பப் போட்டான். மறுபடி கொஞ்சம் கொட்டினான். டின்னுக்கு மேலே உழக்கைச் சாய்த்துப் பிடித்தபடி, கொட்டவும் முடியாமல் நிமிர்த்தவும் முடியாமல் நின்றான் மகன்.