வெசல் அழித்த தடம்

வெசல் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது. தோளில் மட்டைகள் நிறைந்த பெரிய பை, கையில் துணிப்பை ஒன்று. காலணியைக் கழற்றக் குனிந்தவன், நிமிர்ந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊர் டென்னிஸ் கிளப்பில் ஒரு சிறிய சர்வதேசப் போட்டி நடக்கும். பல நாடுகளிலிருந்து பையன்கள் வருவார்கள். பெரிய பெயர் எதுவும் வராது. பெயர் வரவேண்டுமென்று அலைகிறவர்கள்தான் வருவார்கள். ஹோட்டலில் தங்க வசதியில்லாதவர்களை உறுப்பினர்கள் வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். பிள்ளைகள் வெளியூர் போனபின் எங்கள் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அந்த வருடம் எங்களுக்கு வந்தவன் வெசல். இருபது வயது, நாட்டின் வடகோடியிலுள்ள ஃபிரீஸ்லாந்தில் பால்வண்டி ஓட்டுகிறவரின் மகன்.

என் கணவர் ரூலஃபுக்கு டென்னிஸ் பிடிக்காது. விருந்தாளியைச் சீண்டப் பிடிக்கும்.

"உலகத்துல நீ எத்தனாவது இடம், பையா?"

"இடமே இல்லைங்க. ஒரு புள்ளி எடுத்தாத்தான் தரவரிசைல பேரே வரும்."

"அப்போ உலகம் மொத்தமும் உனக்கு மேலதான் நிக்குதுன்னு சொல்லு."

"ஆமாங்க. அண்ணாந்து பார்த்துப் பார்த்து கழுத்து வலிக்குது."

ரூலஃப் சிரித்துவிட்டார். அதன்பிறகு அவனை அவர் விடவேயில்லை.

அந்த ஒரு புள்ளிக்காக வெசல் ஒன்றரை வருடமாக அலைந்துகொண்டிருந்தான். துனிசியா, துருக்கி, ருமேனியா. இரவெல்லாம் பேருந்து, காலையில் ஆட்டம், குளியலறைத் தொட்டியில் துவைத்த சட்டை காய்வதற்குள் தோற்று மறுபடியும் பேருந்து. முதன்மைச் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம் வென்றால் புள்ளி கிடைத்துவிடும். அது மட்டும் இதுவரை வாய்க்கவில்லை. இந்தக் கோடை முடிவதற்குள் கிடைக்காவிட்டால் செப்டம்பரில் தன் ஊர்ப்பக்கத்து லேவார்டன் நகரில் கல்லூரியில் சேர்ந்துவிடுவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். கோடையில் மிச்சம் இருந்தது எங்கள் ஊர்ப் போட்டியும் அதற்கடுத்த வாரம் ஸ்வோலெ பக்கத்தில் நடக்கும் போட்டியும்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளப்புக்குப் போவதில்லை, தேவாலயத்துக்குப் போவோம். அவன் போய்த் தகுதிச் சுற்றில் ஆடி வென்றான். திங்களன்றும் வென்றான். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கைப் பிசைந்தபடி, "நாளைக்கு முதன்மைச் சுற்று, ஹென்னி" என்று என்னிடம் சொன்னான். அதில் மகிழ்ச்சியைவிடக் களைப்புதான் கூடுதலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கிளப் காண்டீனில் என் முறை. எங்கள் கிளப்பில் டாக்டரானாலும் தச்சரானாலும் ஆண்டில் சில நாள் காண்டீனில் நின்று காப்பி ஊற்றியே ஆகவேண்டும். ஜன்னலுக்கு வெளியே இரண்டாம் ஆடுகளம் தெரியும். சீஸ் வைத்த ரொட்டியை இரும்பு அச்சில் அழுத்திச் சுட்டுக்கொண்டே வெசலின் ஆட்டத்தைப் பார்த்தேன்.

எதிரில் ஆடியவன் வன்னஸ் என்ற பெல்ஜியக்காரன். முப்பதை நெருங்குகிறவன். முழங்காலில் கட்டு, முகத்தில் தாடி; ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல வானத்தைப் பார்ப்பான். ஆட்டம் மூன்றாம் செட்டுக்கு நீண்டது. வெயில் ஏறியது. இருவருமே பந்தின் பின்னால் ஓடுவதை நிறுத்தி, பந்து வரும் இடத்துக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

இதை எடுத்தால் ஆட்டமே முடிந்துவிடும் என்கிற வெற்றிப் புள்ளி வெசலுக்கு வந்தது. வன்னஸ் நீளமாக ஒரு பந்தை அடித்தான்; அது வெசலின் பக்கம் பின்கோட்டருகே விழுந்தது. உயர நாற்காலியில் இருந்த நடுவர் அம்மாள், "அவுட்!" என்றார்.

வெசல் திரும்பிப் பந்து விழுந்த இடத்தைப் பார்த்தான். ஒரு கணம் நின்றான். பிறகு காலணியால் அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தான்.

செங்கல் தூள் பரப்பிய களத்தில் பந்து விழுந்தால் தடம் பதியும். சந்தேகம் வந்தால் நடுவர் இறங்கிவந்து அந்தத் தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். நடுவர் பார்ப்பதற்கு முன் தன் பக்கத்துத் தடத்தைத் தானே அழிக்கிறவன், 'பந்து உள்ளேதான் விழுந்தது, புள்ளி உனக்கே' என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். விதியும் அதுதான்.

வன்னஸ் கையைத் தூக்கித் தடத்தைக் காட்டச் சொன்னான். நடுவர் இறங்கிவந்தார். காட்டத் தடம் இல்லை. புள்ளி வன்னஸுக்குப் போனது. வன்னஸ் மார்பில் கைவைத்து வெசலைப் பார்த்துத் தலைகுனிந்தான். சுற்றியிருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "வெற்றிப் புள்ளியை விட்டுக்கொடுத்துட்டானே இந்தப் பிள்ளை!" என்றாள்.

அதன்பிறகு வெசலின் தொடை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தோற்றுப்போனான்.

அவன் காண்டீனுக்குள் வந்தபோது மறுபடியும் கைதட்டல். அவன் யாரையும் பார்க்காமல் தண்ணீர் கேட்டான். ஸ்வோலெ போட்டியை நடத்துகிற மைன்டர்ட் ஓல்ட்ஹோஃப் அன்று ஆட்டம் பார்க்க வந்திருந்தார். அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா! அடுத்த வாரம் எங்க போட்டியில முதன்மைச் சுற்றுல உனக்கு நேரடி இடம். தகுதிச் சுற்று எல்லாம் வேண்டாம். நான் குழுகிட்டப் பேசிட்டு வரேன்."

வெசல் வாயைத் திறந்தான். அதற்குள் அவர் கைபேசியைக் காதில் வைத்தபடி வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்லது செய்தவனுக்குக் கர்த்தர் உடனே கதவைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் மேசையில் பச்சை அவரை, உருளைக்கிழங்கு, ஆளுக்கொரு இறைச்சி உருண்டை. நாங்கள் ஜெபம் சொல்லி முடிக்கும்வரை வெசல் எப்போதும்போல முள்கரண்டியைத் தொடாமல் இருந்தான். முடிந்த பிறகும் தொடவில்லை. தொடையில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுப்பா" என்றேன்.

"ஹென்னி, நான் விட்டுக்கொடுக்கல."

"எதை?"

"அந்தப் புள்ளியை. பந்து உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு நான் கவனிக்கவே இல்ல. அவுட்னு காதுல விழுந்துச்சு. ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். எங்க ஊர் கிளப்புல களத்தை நாங்களேதான் பார்த்துக்கணும். ஆட்டம் முடிஞ்சா குழியைக் காலால மூடணும், வலைப்பாயைத் தரையில இழுத்துச் சமன் பண்ணணும், தண்ணி அடிக்கணும். ஆறு வயசுலேர்ந்து அதுதான் பழக்கம். மூளை வேலை செய்யல. கால் மட்டும் வேலை செஞ்சிருச்சு."

ரூலஃப் கத்தியைக் கீழே வைத்தார். "அதாவது, ஆட்டத்தை முடிச்சுட்டுக் கூட்டிப் பெருக்க ஆரம்பிச்சுட்டே?"

"ஆமாங்க."

"வேலைன்னா விடாத ஃபிரீஸ்லாந்துக்காரன்டா நீ!" என்றார். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, அதனால என்ன இப்போ? யாருக்கும் நஷ்டமில்ல. புள்ளி போச்சு, ஆட்டமும் போச்சு. அதுக்குப் பதிலா இடம் கிடைச்சிருக்கு. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

"அவங்க வேற யாருக்கோ குடுக்கறாங்க அந்த இடத்தை. எனக்கில்ல."

"பேரு உன் பேருதானேப்பா?"

வெசல் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லவேண்டுமென்று இருவரும் எதிர்பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் பேசிவந்தவள்தான் நான். ஆனால் அந்தப் பையனின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தபோது, ரூலஃப் சொல்வது சரியாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று என் மனம் ஆசைப்பட்டது. குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவன் கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு கை ஐஸ் பையில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டான். ஓல்ட்ஹோஃபின் குரல் உற்சாகமாக வந்தது. எங்களிடம் சொன்னதையே வெசல் அவரிடமும் சொன்னான். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

ஓல்ட்ஹோஃபின் குரலில் உற்சாகம் இறங்கியது.

"இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாமேப்பா."

"இருந்திருக்கலாம் சார்."

"குழுல இந்தக் கதையைச் சொல்லித்தான் இடம் வாங்கினேன். எங்க கிளப் பையன் ஒருத்தனுக்குன்னு வெச்சிருந்த இடம் அது. அவனை ஒதுக்கிட்டு வாங்கினேன். இப்போ அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லிடுங்க சார்."

பெருமூச்சு கேட்டது. "அப்போ இடம் அந்தப் பையனுக்குத்தான் போகணும். புரியுதா?"

"புரியுது சார்."

"தகுதிச் சுற்றுல உன் பேரு இருக்கு. அங்கேர்ந்து ஏறி வா. என்னால அவ்வளவுதான் முடியும்." பிறகு, வைப்பதற்கு முன், "தொடைக்கு ஐஸ் வெச்சியா?" என்றார்.

"வெச்சிருக்கேன் சார்."

வெசல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். அழுவான் என்று பயந்தேன். அழவில்லை; அழக்கூட அவனிடம் தெம்பு இல்லை.

"முட்டாப் பய" என்றார் ரூலஃப். தன் தட்டிலிருந்த இறைச்சி உருண்டையை முள்கரண்டியால் குத்தி அவன் தட்டில் போட்டார். "ஆறிப்போறதுக்குள்ள தின்னு."

வெசல் இரண்டையும் தின்றான்.

கிளப்பில் செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. சிலர் சிரித்தார்கள். அன்று கண் கலங்கிய பெண், அவன் தன்னை ஏமாற்றிவிட்டதாகவே சொன்னாள். வெசல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். வியாழக்கிழமை பயிற்சி முடிந்து வந்தவன் காண்டீனில் எனக்காகக் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வன்னஸ் உள்ளே வந்தான். அடுத்த சுற்றில் அப்போதுதான் தோற்றிருந்தான். முழங்கால் கட்டை அவிழ்த்துக்கொண்டே வெசலின் எதிரில் உட்கார்ந்தான்.

"டேய், நீ எனக்கு விட்டுக்கொடுத்தேன்னு வீட்டுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னேன்டா. எங்கம்மா உனக்காகக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தியிருக்காங்க. இப்போ வந்து இல்லைங்கறே!"

"மன்னிச்சுக்கோ. அணைச்சிரச் சொல்லு."

"எரியட்டும், எரியட்டும்" என்றேன் நான். எங்கள் சபையில் மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் இல்லை. ஆனாலும் அப்படித்தான் சொல்லத் தோன்றியது.

வன்னஸ் தாடியைச் சொறிந்தான். "சரி, உண்மையைச் சொல்லு. உள்ளயா வெளியயா?"

"தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"எனக்கெங்க தெரியும்? அந்தப் பக்கம் நின்னேன். தோக்கப் போறோமேன்னு சும்மா கேட்டுப் பார்த்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வெசல்தான் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்கிய சிரிப்பு. வன்னஸ் மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஸ்வோலெக்கு எப்படிப் போறே?" என்று கேட்டான் வன்னஸ்.

"ரயில்ல."

"இந்தக் காலோட ரெண்டு பையைத் தூக்கிக்கிட்டா? என் கார்ல வா. நாத்தம் அடிக்கும், பொறுத்துக்கணும். என்னோட இரட்டையர் ஆடறவன் முதுகு வலின்னு ஊருக்குப் போயிட்டான். நீ ஆடறியா?"

"நானா? என்னை ஏன்?"

"வலைக்கிட்ட உன் ஆட்டம் சுமார்தான். சர்வும் சுமார்தான். பக்கத்துல நிக்கறவன் சொல்றதை நம்பலாம்னா எனக்குப் பாதி களைப்பு குறையும்."

வெசல் கையிலிருந்த குவளையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான், சுத்தமாகத்தான் இருந்தது. கீழே வைத்துவிட்டு, "சரி" என்றான்.

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தான். நேரடி இடம் கை நழுவியதையும் ஏன் நழுவியது என்பதையும் சொன்னான். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. "செப்டம்பர் செப்டம்பர்தான்னு சொல்லிட்டார்" என்று அவனே சொன்னான். "ஸ்வோலெக்கு வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்து பார்க்கறாராம். பால் கெட்டுப்போகாம இருந்தா."

சனிக்கிழமை காலை வன்னஸின் கார் வாசலில் வந்து நின்றது. பின்னிருக்கை முழுக்கப் பைகளும் துண்டுகளும். ரூலஃப் முன்னிருக்கையைத் தானே பின்னால் தள்ளிவிட்டு, "காலை நீட்டிக்கோ, துப்புரவுத் தொழிலாளி" என்றார். வெசல் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். ஸ்வோலெயில் அவன் மறுபடியும் அடியிலிருந்து ஏறவேண்டும். தகுதிச் சுற்று முழுவதும், அதற்குப் பிறகு அந்த ஒரு ஆட்டம். அது முடியாவிட்டால் கல்லூரி. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கார் நகர்ந்தது. தெருமுனையில் சைக்கிள்களுக்காக வன்னஸ் நிறுத்தியபோது, வெசலின் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருப்பது தெரிந்தது. அதற்குள் தூங்கிவிட்டான். வன்னஸ் ஒரு கையை நீட்டி வெயில் தடுப்பை அவன் முகத்துக்கு நேரே இறக்கிவிட்டான்.

வாசலிலேயே நின்று ஜெபித்தேன். அவனுக்கு அந்த ஒரு புள்ளி கிடைக்கட்டும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. போய்ச் சேரும்வரை அவனை யாரும் எழுப்பாதிருக்கட்டும் என்று கேட்டேன்.