ஏழு ஆலோசகர்கள்

ஜனவரி ஒன்றாம் தேதி விடிந்தபோது தீபனுக்கு வயதாகிவிட்டது. முந்தின நாள் வரைக்கும் அவன் இளைஞன்தான். அரசாங்கமே ஒத்துக்கொண்ட இளைஞன். முப்பத்தொன்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள், குனிந்தால் நிமிர யோசிக்கிற இடுப்பு, எல்லாம் இருந்தும் இளைஞன். இளைஞர் மன்றங்களுக்கு நாற்பது வயது வரைக்கும் செல்லும் என்பதுதான் அதுவரை மலேசியாவில் கணக்கு. புத்தாண்டிலிருந்து அதை முப்பதாகக் குறைத்துவிட்டார்கள்.

சட்டம் ஒன்றும் திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. போட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. ஆனால் அரசாங்கம் சொன்ன தேதியில் எதுவும் நடக்காது என்று ஹாலிவெல் தோட்ட இளைஞர் மன்றத்தார் மலைபோல நம்பியிருந்தார்கள். சாக்கடைக்கு மூடி போடுகிறேன் என்றார்கள், போட்டார்களா? தெரு விளக்கு? பஸ்? இதிலும் அப்படித்தான் இழுத்தடிப்பார்கள் என்று காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டு இருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரசாங்கம் சொன்னதைச் சொன்ன தேதியில் செய்து தொலைத்தது.

ஹாலிவெல் தோட்டம் என்று இப்போது எதுவும் கிடையாது. ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு மாடி வீடுகள் கட்டி யார் யாருக்கோ விற்றாயிற்று. தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றுக்குக் கீழே, வரிசை வீடுகளாக ஒரு குடியிருப்பு கிடைத்தது, மலாயில் தாமான். ரப்பர் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கிருந்து ஃபேக்டரிக்கும் லாரிக்கும் போகிறார்கள். தோட்டம் மன்றத்துப் பெயர்ப்பலகையில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

தீபன் ஒரு டைல்ஸ் ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அங்கே அவனை 'ஹோய்' என்று கூப்பிடுவார்கள். அதே ஆள் மாலையில் தாமானுக்குள் மோட்டார் சைக்கிளை விட்டால் 'தலைவரே', இளைஞர் மன்றத்துத் தலைவர். இரண்டு கூப்பாட்டுக்கும் நடுவில் ஆறு மைல் ரோடு. அந்த ஆறு மைலை நினைத்துத்தான் மனிதன் பதின்மூன்று வருஷமாகக் காலையில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கல்யாண வீடோ, சாவு வீடோ, கெனோபிப் பந்தல் கட்ட முதல் ஆள் அவன். கோயில் திருவிழாவில் போலீஸ்காரரிடம் மலாய் மொழியில் பேசுவதும் அவன்தான். யார் எது கேட்டாலும் "பாக்கலாம்லா" என்பான். முடியாது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால் யாருக்கும் அவன்மேல் கோபம் கிடையாது. கேட்டதில் பாதி நடந்ததும் கிடையாது.

புத்தாண்டு அன்று சாயங்காலம் செயற்குழு காப்பிக் கடையில் கூடியது. ஏழு பேர். அதில் இளையவன் பொருளாளர் யுகேந்திரன், அவனுக்கே முப்பத்தைந்து. செயலாளர் பிச்சைமுத்து தீபனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். மூளைக்காரன் என்று பெயர் எடுத்தவன்.

"இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கிறியா மச்சான்?" என்றான் பிச்சைமுத்து. "ஒம் மவ பேரக் குடு. ஏம் பொண்டாட்டி தம்பி இருக்கான். யுகேனுக்குச் சித்தப்பா மவன் இருக்கான். ஆளுக்கு ஒருத்தர். பேரு அவங்களுது, ஓட்டுறது நாம."

"அப்ப நாம யாரு?"

"ஆலோசகர்."

"ஏழு பேருமா?"

"ஏழு பேரும்தான். ஆலோசனைக்கு ஏதுலா வயசு?"

தீபனுக்கு உச்சி குளிர்ந்தது. பிச்சைமுத்துவின் மைத்துனன் தெலுக் இந்தானில் வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இங்கே வருவான் என்று ஒருவர் இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை இளைஞனாக இருந்தால் போதும் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது மூத்தவள் தினேஸ்வரி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை என்று தீபன் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். அவள் அதிகமாக எதுவுமே பேசுவதில்லை என்பதை அவன் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டிருந்தான்.

விஷயத்தைச் சொன்னான். அவள் சட்டையைத் திருப்பிப் போட்டுக் காலரைத் தேய்த்தாள்.

"தலைவர்னா நெசமாவே தலைவரா?" என்று கேட்டாள்.

"நெசமாவேதான். நீ ஒண்ணும் செய்ய வேணாம். அப்பா பாத்துக்குவேன்."

"நான் எடுக்குற முடிவு செல்லுமா?"

"செல்லும்லா. நீதான தலைவரு."

"சரிப்பா," என்றாள்.

அடுப்படியிலிருந்து புனிதா எட்டிப் பார்த்தாள். தீபனின் மனைவி அவள். அவனை ஒரு நாளும் தலைவரே என்று கூப்பிடாத ஒரே ஆள். "ஊர்ல உள்ள எல்லார் ஊட்டுக்கும் கெனோபி கட்டுனீங்க. நம்ம மோட்டாரு பதிமூணு வருஷமா மழையில நனையுது. இப்ப அந்தப் புள்ளையும் கெனோபி கட்டப் போவுதா?" என்று கேட்டாள். தீபன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழக்கம்தான்.

அந்த வாரக் கடைசியில் கூட்டம் நடந்தது. போட்டி இல்லை. பழைய ஏழு பேர் எழுந்தார்கள், இளையவர்கள் ஏழு பேர் உட்கார்ந்தார்கள், தினேஸ்வரி தலைவர் நாற்காலியில். பழைய ஏழும் பின்வரிசையில் கை கட்டிக்கொண்டு, கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசகர்கள் நியமனம் என்று பிச்சைமுத்து தொண்டையைச் செருமியபோது தினேஸ்வரி, "அத அஸாம் நாள் அன்னிக்கிச் சொல்றோம் அங்கிள்," என்று முடித்துவிட்டாள்.

தீபனுக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. ஊரே கூடியிருக்கும்போது மேடையில் வைத்து அறிவிப்பாள். அப்பனுக்கு மாலைகூடப் போடலாம். யார் கண்டது. பெண் பிள்ளை என்றால் பெண் பிள்ளைதான் என்று வழி நெடுக பிச்சைமுத்துவிடம் பெருமை அடித்துக்கொண்டு வந்தான்.

அஸாம் நாள் மன்றத்தின் பெரிய நிகழ்ச்சி. இந்த வருஷம் இதைச் செய்வேன் என்று புத்தாண்டில் எடுக்கும் உறுதிக்கு மலாயில் அஸாம் என்று பெயர். பள்ளிக்கூடம் திறக்க முந்தின நாள் தாமான் பிள்ளைகள் மண்டபத்து மேடையில் ஏறி ஆளுக்கொரு அஸாம் சொல்ல வேண்டும். தீபன் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் டாக்டர் ஆனார்கள். கொஞ்சம் பேர் வக்கீல். அம்மாமார் வீட்டிலேயே மனப்பாடம் செய்வித்து அனுப்புவார்கள். ஒரு வருஷம் ஒரு பொடியன் லாரி ஓட்டுவேன் என்று சொல்லிவிட, அவன் அம்மா காதைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனாள். அவன் அப்பா லாரி டிரைவர்தான். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

இந்த வருஷம் தீபன் கத்திரிப்பூ நிறத்தில் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு போனான். மற்ற ஆறு பேரும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

தினேஸ்வரி மைக்கைப் பிடித்தாள். மன்றத்து டீ சட்டை, ஜீன்ஸ். வணக்கம் சொன்னாள். மாண்புமிகு, மதிப்புமிகு எதுவும் கிடையாது. "இந்த வருஷம் ஒரு ரூல்," என்றாள். "ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கக்கூடிய அஸாமா இருக்கணும். அதுக்கு யாரு ஒதவணும்னு பேரச் சொல்லணும். எல்லா அஸாமுக்கும் கை தட்டணும். யாரையும் பாத்து சிரிக்கக் கூடாது."

ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். "என் அஸாம் சைக்கிள் ஓட்டக் கத்துக்குறது. ஒதவ வேண்டியவரு எங்கப்பா. அவரு இப்ப வெளிய சிகரெட் குடிக்கிறாரு."

கை தட்டினார்கள். வெளியே யாரோ சிகரெட்டை மிதித்து அணைத்தார்கள்.

அடுத்து வந்தவள் கணக்கில் பாஸாக வேண்டும் என்றாள். அதற்கு உதவ வேண்டியது அம்மா. பாடம் செய்யும் நேரத்தில் ஃபோனில் சத்தமாக நாடகம் பார்க்கக் கூடாது. அதற்கடுத்தவன் ராத்திரி தனியாகப் படுக்க வேண்டும் என்றும், அண்ணன் பேய்க் கதை சொல்வதை நிறுத்த வேண்டும் என்றும் சொன்னான். டாக்டர் ஒருவர்கூட வரவில்லை. தங்கள் பெயரும் வருமோ என்று பெரியவர்களில் சிலர் எழுந்தார்கள். பின்பக்கத்து நாற்காலிகள் மெல்லக் காலியாகின.

தீபன் ஆலோசகர் அறிவிப்புக்காகக் காத்திருந்தான். அது வருகிற வழியாக இல்லை. அவனுடைய இளையவள் வந்தாள். ஷர்மினி, ஒன்பது வயது.

"என் அஸாம், நாய்க்குப் பயப்படாம தனியா கடைக்குப் போறது," என்றாள். "ஒதவ வேண்டியவரு எங்கப்பா. மொதல்ல கொஞ்ச நாளு கூட நடக்கணும். முன்ன அவருக்கு நேரமில்ல. இப்ப அவருக்கு வேல போயிருச்சு."

கை தட்டினார்கள். ரூலை மீறிச் சிரிக்கவும் செய்தார்கள். பக்கத்து வரிசையில் முத்தம்மா அக்கா எட்டி அவன் தோளைத் தொட்டு, "எப்ப நிப்பாட்டுனாங்க தம்பி? ஃபேக்டரிய மூடிட்டாங்களா?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தாள். தீபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காது மடல் சுட்டது. பிச்சைமுத்து அவன் விலாவில் இடித்தான். "ஏறுலா. ஏறி நீயே அறிவி. விட்டா வெளக்க அணச்சிட்டுப் போயிருவாங்க."

அவன் ஏறினான். பதின்மூன்று வருஷம் ஏறிய படி. கால் தானாகவே ஏறியது. பிள்ளைகள் பேசும் மைக்கின் கழுத்தை உயர்த்திக்கொண்டு, "அன்பார்ந்த தாமான் மக்களே," என்றான்.

"அப்பா," என்றாள் தினேஸ்வரி தன் மைக்கில். "மேடைக்கு வாரவங்க அஸாம் சொல்லணும். பேரு, வயசு மொதல்ல."

கூட்டம் அடங்கியது. இறங்கிவிடலாம் என்று தோன்றியது. இத்தனை பேருக்கு முன்னால் இறங்குவது எப்படி?

"தீபன்," என்றான். "முப்பத்தொம்பது."

"அஸாம்?"

நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நடைப்பயிற்சி, சர்க்கரையைக் குறைப்பது, ஆயிரம் இருக்கிறது. ஷர்மினியின் நாயையாவது சொல்லியிருக்கலாம். மைக்கைக் கண்டால் பொய் சரளமாக வரும் மனிதனுக்கு அன்றைக்குப் பார்த்து உண்மை வந்துவிட்டது.

"தலைவராவே இருக்கணும்," என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அதுக்கு யாரு ஒதவணும்?"

"நீதாம்மா," என்றான்.

தினேஸ்வரி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு, "என்னால முடியாதுப்பா," என்றாள். "நீங்க பக்கத்துல நின்னா எல்லாரும் ஒங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. நான் பேசுறது யாருக்கும் கேக்காது. ஒங்களுக்குப் பதிமூணு வருஷம் இருந்துச்சு. எனக்கு இன்னும் பதினோரு வருஷம்தான் இருக்கு. ஆலோசகர் யாரும் வேணாம்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம்."

எல்லா அஸாமுக்கும் கை தட்ட வேண்டும் என்பது ரூல். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கோபம் வந்தது தீபனுக்கு. பெற்ற பிள்ளை, ஊர் முன்னால், மைக்கில். வீட்டுக்கு வா, வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். குரலில் ஒரு பிசிறு இல்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த கை மட்டும் டீ சட்டையின் நுனியை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தது. கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. பயந்து செத்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவனுக்கு ஒரு தரம்கூட இப்படி முடியாது என்று சொல்லத் துணிச்சல் வந்ததில்லை, அவன் யாருக்கும் பயப்படாதவன் என்று பெயர் வாங்கியும். கோபம் போன இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்தது. அது கோபத்தைவிட அதிகமாக வலித்தது.

பின்னால் யாரோ சட்டையை இழுத்தார்கள். பல் விழுந்த ஒரு சிறுமி. "அங்கிள், ஒங்களுது முடிஞ்சிருச்சா? நான் சொல்லணும்."

"முடிஞ்சிருச்சு," என்றான் தீபன். மைக்கின் கழுத்தை அவள் வாய்க்குத் தாழ்த்திவிட்டுப் படியிறங்கி, பக்கவாசல் வழியாக வெளியே போனான்.

சாக்கடை ஓரத்தில் மற்ற ஆறு பேரும் தேய்த்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவன் மேடையில் மாட்டிக்கொண்டதும் நழுவி வந்துவிட்டார்கள். கடைசியில் பேசியது எதுவும் அவர்கள் காதில் விழவில்லை.

"என்னலா ஆச்சு?" என்றான் பிச்சைமுத்து. "நம்ம பேர அறிவிச்சாச்சா?"

"ஆலோசகர் யாரும் வேணாமாம்."

"யாரு சொன்னா?"

தீபன் 'ஏம் மவ' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். உள்ளே அடுத்த பிள்ளைக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தலைவர் சொல்லிட்டாங்க," என்றான்.