பில்லருக்குள் இருந்த ஒயர்

நாலாயிரத்து அறுநூற்று இருபது ரூபாய். கம்பெனிக்கு நான் கட்ட வேண்டிய கடன் என்று சீட்டில் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தேன். ஆறு நாள் கூலி. கொடுத்த கூலியைத் திருப்பிக் கொடு என்கிறார்கள்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஃபிளாட் கட்டுகிற இடம். புதுசாக வார்த்த பில்லருக்குச் சாக்கு சுற்றி, காயாமல் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

"இன்னா வேம்புலி, ஆறு நாளா பைப்பு மீட்டர்ல ஒரு சொட்டு ஓடல. வேலையே நடக்கலன்னு கம்ப்யூட்டர் சொல்து" என்றார் சூப்பர்வைசர் உதயகுமார்.

"மோட்டார் ரிப்பேர் சார். கீழ லாரித் தண்ணிய குடத்துல தூக்கினு போயி ஊத்துனேன். மூணு மாடி."

"மோட்டார் ரிப்பேர்னு எல்லாருக்கும் தெரியும். நீ ஊத்துனேன்னு யாருக்குத் தெரியும்? குடத்துக்கு மீட்டர் கீதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பணம் போவது ஒரு பக்கம். ஏமாற்றுக்காரி என்ற பேரோடு நாளைக்கு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வேலைக்கு வருவது?

இன்ஜினியர் பொண்ணு ரோஷினி மட்டும் சிரிக்கவில்லை. சேலத்துப் பொண்ணு, வந்து மூன்று மாதம்தான்.

"வேம்புலிக்கா, பில்லருக்குள்ள சூடு பார்க்கற ஒயர் வெச்சிருக்கோம். தண்ணி பட்டா சூடு இறங்கும். அது என் போன்ல மட்டும் வருது. கூலி போடற கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

"ரெண்டுத்துக்கும் சண்டையா?"

"சண்டையில்லக்கா, அறிமுகமே இல்ல. நான் பண்ணி வெக்கறேன்."

இரண்டு நாள் கம்ப்யூட்டரோடு கிடந்தாள். சோறு மறந்தவளுக்கு என் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பு பிசைந்து கொடுத்தேன். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் தின்றாள்.

மூன்றாம் நாள் உதயகுமாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு கோடு ஏறி ஏறி இறங்கியது.

"காலைல ஆறு, பத்து, மதியம் ஒண்ணு, சாயங்காலம் நாலு. தினமும் நாலு தடவ இறங்குது சார்."

அவர் விரல் வைத்து எண்ணினார். "அஞ்சாம் நாள் மதியம் இறங்கலியே?"

ரோஷினி என்னைப் பார்த்தாள்.

"ஆமா சார். அன்னிக்கு ரெண்டாவது மாடிப் படியில ஒக்காந்துட்டேன். காலு எந்திரிக்கல. அந்த ஒரு நேரத்துக் காசப் புடிச்சிக்கோ."

அவர் முதல் நாளிலிருந்து மறுபடி கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"ஆறு நாளும் குடத்துலயாம்மா?"

"வேற எதுல?"

சீட்டை வாங்கினார். தொகையைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டார். ரோஷினி ஒரு தட்டு தட்டினாள். கம்ப்யூட்டரிலும் என் பேருக்கு நேரே பாக்கி பூஜ்யம்.