கரிக்கோடு போட்ட முட்டைகள்

தங்கையைக் கூட்டிப்போக வந்தவன் கையில் இல்லத்து மேட்ரன் ஒரு வாளியைத் திணித்தாள்.

"இன்னைக்குத் தொண்டர் நாள். உள்ள யார் வந்தாலும் நாலு மணி வரைக்கும் வேலை. அப்புறம்தான் கையெழுத்து."

"நான் தொண்டு செய்ய வரலைங்க. என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"அவ டாக்டரப் பாக்கப் போயிருக்கா. மத்தியானம் வருவா. அதுவரைக்கும் உக்காந்து கொட்டாவி விடப்போறியா? கோழிக்கூண்டு அந்தப் பக்கம்."

பல்லைக் கடித்துக்கொண்டு போனான். தங்கைக்கு வலிப்பு, ராத்திரியில்தான் வரும். அவனுக்குக் கிடங்கில் ராத்திரி வேலை. வீட்டில் வேறு ஆளில்லை. அதனால்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் இந்த இல்லத்தில் கொண்டுவந்து விட்டான். போன வாரம் வேலையை விட்டுத் தொலைத்தான். "சனிக்கிழமை வர்றேன், தயாரா இரு" என்று ஃபோனில் சொன்னபோது, "பாக்கலாம்" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. அது ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருந்தது.

கூண்டுக்குள் குனிந்துதான் நுழைய முடிந்தது. எச்சம் காய்ந்து பலகையோடு பலகையாக இறுகியிருந்தது. சுரண்டினால் தூசி மூக்கில் ஏறியது. தரையைக் கழுவி முடித்துத் திரும்பினால் பின்னாலேயே ஒரு கோழி புதிதாக எச்சமிட்டுவிட்டுப் போனது.

"முட்டையெல்லாம் எடுத்துக் கழுவிச் சமையலறையில குடு!" என்று மேட்ரன் தாழ்வாரத்திலிருந்து கத்தினாள்.

மூலைப் பெட்டியில் இருந்த சிவப்புக் கோழி மட்டும் எழுந்திருக்கவில்லை. கையைக் கொத்தியது. "சனியனே" என்று சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அதைத் தூக்கி வெளியே எறிந்தான். அடியில் பதின்மூன்று முட்டைகள். பதினொன்றின் மேல் கறுப்பாக ஒரு கோடு.

கிடங்கில் ஏழு வருஷம் அவன் பார்த்த வேலை, திரும்பி வந்த சரக்கைப் புதிதாக்குவது. பழைய ஒட்டுச்சீட்டு, பேனாக் கிறுக்கல், யாரோ போட்ட அடையாளம் எல்லாவற்றையும் துடைத்து மறுபடி பெட்டிக்குள் போட வேண்டும். எதற்குப் போட்ட அடையாளம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கை பழக்கத்தில் ஈரத்துணியை எடுத்தது. அழுத்தித் தேய்த்தான். மற்றப் பெட்டிகளில் எடுத்ததையும் சேர்த்து முப்பது முட்டைகள் தட்டில் பளிச்சென்று ஒரே மாதிரி இருந்தன. அன்றைக்கு அவனுக்குத் திருப்தி தந்த ஒரே விஷயம் அதுதான்.

அரை மணி நேரத்தில் சமையல்காரர் கூப்பிட்டார். உள்ளே போனதும் கிண்ணத்தை முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏம்ப்பா, நான் ஆம்லெட்டுக்கு முட்டை கேட்டா நீ கோழியே குடுத்திருக்க. இன்னும் மூணு நாள் விட்டிருந்தா அதுவே நடந்து வந்திருக்கும்."

கிண்ணத்தில் ஈர இறகோடு ஒரு சின்ன உடல். கால் ஒருமுறை உதறி அடங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தங்கை வாசலில் வந்து நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"கோடு எங்கண்ணா?"

"என்ன கோடு?"

"கரிக்கோடு. அடை வச்ச முட்டைக்குப் போட்டிருந்தேன். மத்த கோழிங்களும் அதே பெட்டியில வந்து இட்டுட்டுப் போகும். எது பழசு, எது புதுசுன்னு தெரியணுமில்ல? இன்னைக்குப் பதினெட்டாவது நாள்."

"அழுக்குன்னு நெனச்சேன்."

"கோடு போட்ட மாதிரியா அழுக்கு ஒட்டும்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குள் போய்விட்டாள். "கதவச் சாத்து. ஃபோன்ல டார்ச்சப் போடு."

இருட்டில் ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தின் மேல் வைத்தாள். புது முட்டை மஞ்சள் விளக்குப்போல் ஒளிர்ந்தது. அடை முட்டை, அகலமான முனையில் கொஞ்சம் வெளிச்சம் தவிர, கறுப்பாகவே இருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"போகலாம்னாரு."

"பை கட்டிட்டியா?"

"இல்ல. இதுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு."

"கோழி பாத்துக்கும்டி!"

"நீ தூக்கி எறிஞ்ச கோழியா?"

அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்காக வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறேன். நீ முட்டையக் கட்டிக்கிட்டு அழுவுற!"

"நான் விடச் சொன்னேனா? கொண்டாந்து விட்டப்பவும் நீயா விட்ட. இப்பக் கூட்டிட்டுப் போறதும் நீயா. வர்றியான்னு ஒரு தடவ கேட்டியாண்ணா? டார்ச்ச ஆட்டாம புடி."

ஆட்டாமல் பிடித்தான்.

அடை முட்டை பத்து தேறின. அடுப்பங்கரையிலிருந்து கரித்துண்டு வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் கோடு போட்டுப் பெட்டியில் வைத்தான். சிவப்புக் கோழி கிட்டே வருவதும் விலகுவதுமாக ஒரு மணி நேரம் இழுத்தடித்தது. கடைசியில் ஏறி உட்கார்ந்தது. வைக்கோலைச் சரிசெய்யப் போனவனை மறுபடி கொத்தியது.

உள்ளே எத்தனை உயிரோடு இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது.

நான்கு மணிக்கு மேட்ரன் பேனாவோடு வந்தாள். "என்ன, கெளம்பலாமா? தேதி போடட்டுமா?"

அவன் தங்கை பக்கம் திரும்பினான். ஒரு வார்த்தையைச் சொல்ல இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"வர்றியா?"

"இன்னைக்கு வரல."

"அப்ப எப்போ?"

"செவ்வாய்க்கிழமை வந்து மறுபடி கேளு. சொல்றேன்."

மேட்ரன் பேனாவை மூடினாள். "செவ்வாய்க்கிழமை தண்ணித்தொட்டி கழுவற நாள். பழைய சட்டை போட்டுட்டு வா."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்து நின்றார். அவன் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, வீட்டில் பழைய சட்டை எது இருக்கிறது என்று எரிச்சலோடு யோசித்தான்.